காய்ச்சலோடு கடை திறந்தவன்

ஆஸ்பத்திரியில் கிடந்த பதினெட்டு நாட்களைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டார்கள். மூச்சு கிடைக்காமல் கிடப்பது எப்படி இருக்கும், ஆக்சிஜன் வைத்தால் வலிக்குமா, பயந்தீர்களா என்று இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் துணியைப் பிரித்துப் பார்த்தபடியே கேட்கிறார்கள். எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு ஆறு நாள் முன்பு நடந்ததை விட்டுவிட்டுத் தொடங்கினால், சொல்வது பாதிப் பொய்யாகிவிடும்.

அன்று காலை எனக்குக் காய்ச்சல் இருந்தது. தெரிந்தேதான் கடையைத் திறந்தேன்.

என் பெயர் ஞானராஜ். சங்கரன்கோவிலில் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் முப்பது வருஷமாக ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. நானும் மனைவி செல்வராணியும் மட்டும்தான். ஒரே மகள் பியூலா, அயர்லாந்தில் ஒரு சிறிய ஊரில் நர்ஸாக இருக்கிறாள்.

கொரோனா வந்த முதல் வருஷம் முழுக்க எங்களுக்கு அயர்லாந்துதான் பேச்சு. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு, அவளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், போன் வரும். அங்கே வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு மேல் யாரும் போகக் கூடாதாம். துட்டி வீட்டுக்கும் பத்துப் பேர்தானாம். அந்த ஊர்க்காரர்களும் நம்மைப் போலத்தான், சாவுக்குப் போகாமல் இருப்பதைப் பெரிய குற்றமாக நினைப்பார்களாம். அதனால் சவ வண்டி போகும்போது ரோட்டோரம் இரண்டு பக்கமும் தள்ளித் தள்ளி நின்று தலை குனிந்துகொள்வார்கள் என்று பியூலா சொன்னபோது செல்வராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பிறகு கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பண்டிகை முடிந்ததும் அவள் வார்டு நிரம்பிவிட்டது.

"வந்து படுக்கிற ஒவ்வொருத்தரும் ஒரே கதையத்தாம்ப்பா சொல்லுதாங்க" என்றாள் ஒரு நாள். குரல் களைத்துப் போயிருந்தது. "நான் எல்லாம் ஒழுங்காத்தான் இருந்தேன், ஒரே ஒரு நாளு அக்கா வீட்டுக்குப் போனேங்காங்க. அந்த ஒரே ஒரு நாளு எல்லாருக்கும் இருக்கு."

"அங்கன உள்ள சனங்க என்னதான் சொல்லுதாங்க? ஊரடங்கு வேணுமா, வேண்டாமா?"

"ரேடியோவுல கேக்காங்கப்பா. வேணும்னுதான் நிறையப் பேரு சொல்லுதாங்க, இன்னும் கடுமையா வைக்கணுங்காங்க. நாங்க சரியா இருக்கோம், பக்கத்து வீட்டுக்காரன்தான் கேக்க மாட்டேங்கான்னு சொல்லுதாங்க. எல்லாரும் பக்கத்து வீட்டத்தான் சொல்லுதாங்க."

"படிச்ச சனங்களா அதுங்க?" என்றேன். "வெள்ளக்காரனுக்கே புத்தி இல்லேன்னா என்ன செய்ய?"

இதை நான் சொன்ன நாலைந்து மாதத்தில் எங்கள் ஊரில் இரண்டாவது அலை வந்தது.

சங்கரன்கோவிலில் அப்போது இரண்டு கட்சி. வெளியே சுற்றுகிறவனையெல்லாம் போலீஸ் பிடித்து அடிக்க வேண்டும் என்பது ஒன்று. எல்லாம் சும்மா, சாதாரணச் சளியைப் பெரிதாக்குகிறார்கள் என்பது இன்னொன்று. நான் முதல் கட்சி. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு யாராவது பேசினால் "ஏத்திப் போடும்வே" என்று கண்டிப்பேன். காய்கறி, மளிகைக்குக் காலையில் சில மணி நேரம், ஜவுளிக்கடைக்கு முழு அடைப்பு என்று உத்தரவு வந்ததும் எங்கள் தெருவில் முதலில் ஷட்டரை இறக்கியவன் நான்தான்.

ஆனால் கடைக்கு ஒரு பக்கவாட்டுக் கதவு உண்டு. சந்துக்குள் திறக்கும். வைகாசி முகூர்த்தம் நெருங்க நெருங்க போன் வந்துகொண்டே இருந்தது. நாள் குறித்தாகிவிட்டது அண்ணாச்சி, பெண்ணுக்குச் சேலை இல்லாமல் எப்படி என்பார்கள். முதல் ஆளுக்கு உண்மையிலேயே இரக்கப்பட்டுத்தான் திறந்தேன். இரண்டாவது ஆளுக்கு, முதல் ஆளுக்குத் திறந்தோமே என்று திறந்தேன். அதன் பிறகு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று எழும்போதே இடுப்பும் கெண்டைக்காலும் கடுத்தன. கண் எரிந்தது. காபி கொடுக்க வந்த செல்வராணி கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

"காயுதே."

"ராத்திரி புழுக்கம்" என்று சொல்லி ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாடசாமி பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் முத்துலட்சுமிக்குக் கல்யாணம். இரண்டு வயல் வைத்து விவசாயம் பார்க்கிறவர், அவர் குடும்பத்தில் எந்த நல்லது நடந்தாலும் என் கடையில்தான் துணி. வரவேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும். நான் சொல்லவில்லை.

மாடசாமியும் அவர் மனைவி கோமதியும் வந்தார்கள். ஷட்டர் இறங்கியிருக்கிறது, ஜன்னல் கிடையாது, வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று ஃபேன்கூடப் போடவில்லை. ஒன்றரை மணி நேரம் பாயில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சேலையைப் பற்றிச் சொல்லும்போது மூச்சு முட்டியது, முகக்கவசத்தை இறக்கிவிட்டுக்கொண்டேன். மணப்பெண்ணை அழைத்து வரவில்லை என்பதால் ஒவ்வொரு பட்டுச் சேலையையும் என் போனில் படம் எடுத்து அந்தப் பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அது பச்சை வேண்டாம், நீலம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லிக் கடைசியில் அரக்குக்குச் சரி என்றது. மூன்று பேரும் சிரித்தோம்.

மூன்றாம் நாள் அடுப்பில் கருவாடு கருகிக் கரியாகிவிட்டது. நான் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லையிலிருந்து ஓடிவந்த செல்வராணி, "தெருவெல்லாம் நாறுது, உங்களுக்குத் தெரியலியா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. சட்டியைக் கையில் தூக்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வெறும் சூடுதான் தெரிந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் மூக்குக்குள் குச்சியை விட்டுத் துடைத்து எடுத்தார்கள். வலி இல்லை, கண்ணில் நீர் மட்டும் வரும். மறுநாள் எனக்குத் தொற்று இருக்கிறது, செல்வராணிக்கு இல்லை என்று முடிவு வந்தது. வீட்டிலேயே தனி அறையில் இருக்கச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்து மாடிப்படி மூன்று ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன். விரல் நுனியில் மாட்டுகிற ஒரு சின்னக் கருவி இருக்கிறதே, ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் ஓடுகிறது என்று எண் காட்டுவது, அதில் தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டும். எனக்கு எண்பத்தெட்டு. நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நல்ல நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரியுமாம். என்னுடையதில் பனி படிந்த கண்ணாடி போல வெள்ளை வெள்ளையாக இருந்தது. திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸ் வந்தது.

செல்வராணி வாசலில் தள்ளி நின்றாள். எதற்கெடுத்தாலும் கண்ணீர் விடுகிறவள், அன்று அழவில்லை. பையை ஆம்புலன்ஸ் படியில் வைத்துவிட்டு, "போன்ல சார்ஜ் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். பைக்குள் பார்த்தபோது இரண்டு சார்ஜர் இருந்தன. ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வது என்று பயந்திருக்கிறாள்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. படுக்கை காலியாகும்வரை அதற்குள்ளேயே காத்திருந்தேன். படுக்கை எப்படிக் காலியாகிறது என்று யோசிக்காமல் இருக்க, எதிர் வண்டியின் நம்பரைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன்.

ஆக்சிஜன் வலிக்காது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகத்தில் இறுக்கமாக ஒரு மாஸ்க், அதன் கீழே ஒரு பை. நாம் மூச்சு விட விட அது சுருங்கி விரியும். தொண்டை காயும். காதுக்குப் பின்னால் வார் அறுக்கும். பேச ஆரம்பித்தால் எண் இறங்கும் என்பதால் பேச விடமாட்டார்கள். கஷ்டம் என்று சொன்னால் குப்புறப் படுப்பதுதான். நுரையீரலின் பெரும் பகுதி முதுகுப் பக்கம் இருப்பதால் கவிழ்ந்து படுத்தால் காற்று நன்றாகப் போகும் என்றார்கள். ஒரு நாளில் பல மணி நேரம் அப்படிக் கிடக்க வேண்டும். எனக்கோ தொந்தி.

எங்களைக் கவனித்த சிஸ்டருக்கு வசந்தி என்று பெயர். உச்சி முதல் கால்வரை வெள்ளைக் கவச உடை. யார் யாரென்று தெரியாததால் முதுகில் மார்க்கரில் பெயர் எழுதியிருப்பார்கள். குப்புறக் கிடக்கிற எங்களுக்கு முகமும் தெரியாது, முதுகும் தெரியாது. ரப்பர் செருப்பின் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம். அந்த உடைக்குள் ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நிற்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. பியூலா அயர்லாந்திலிருந்து போனில் சிஸ்டரிடம் என் எண்ணையெல்லாம் கேட்பாள். இரண்டு பேரும் அவர்கள் தொழில் பாஷையில் வேகமாகப் பேசிக்கொள்வார்கள். முடிவில் சிஸ்டர் என்னிடம், "உங்க மக என்னப் பெத்த தாய் மாதிரில்லா பேசுதா" என்று சிரிப்பார்.

பியூலா வரத் துடித்தாள். விமானம் இல்லை, கிடைத்தாலும் திரும்பிப் போனால் ஹோட்டலில் அடைத்துவைப்பார்கள், அவள் வார்டிலும் ஆள் இல்லை. "வராத மக்கா. அங்கன உள்ளவங்களப் பாரு" என்றேன். தினமும் அவளுடைய உணவு நேரம் முழுக்க வீடியோவில் என்னைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். நான் பேசக் கூடாது என்பதால் அவளும் பேசமாட்டாள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் பக்கத்துப் படுக்கையில் ஒருவரைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் குப்புறக் கிடந்தேன். முதலில் அடையாளம் கண்டது அவர்தான்.

"அண்ணாச்சி? நீங்களா?"

மாடசாமி. மாஸ்க்குக்கு மேலே அவர் கண்கள் சந்தோஷத்தில் விரிந்தன. தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்துவிட்ட சந்தோஷம். "கோமதிக்குப் போன் போட்டுச் சொல்லணும், அண்ணாச்சி பக்கத்துலதான் இருக்காவன்னு. அவளுக்குப் பாதி பயம் போயிரும்" என்றார். என் நெஞ்சில் இருந்த மிச்சக் காற்றும் அந்த நேரம் நின்றுபோனது போலிருந்தது.

முதலில் என்னைவிட அவர் எண் நன்றாக இருந்தது. தன் ஆக்சிஜன் குழாய் எட்டுகிற தூரம்வரை வந்து எனக்கு எல்லாம் செய்தார். இட்லியைப் பிட்டு மாஸ்க்கை ஒரு நொடி தூக்கி ஊட்டுவார். நான் கவிழ்ந்து படுக்கும்போது நெஞ்சுக்குக் கீழே ஒரு தலையணை, இடுப்புக்குக் கீழே ஒன்று என்று சிஸ்டர் சொன்ன கணக்கில் திணித்துவிடுவார். "தொந்திக்குக் கீழ குழி தோண்டி வச்சமாதிரி இருக்குல்லா இப்ப" என்பார். அவர் கை பட்ட ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசியது. வீட்டில் கோமதிக்கு லேசான காய்ச்சல் என்றும், கூடவே இருக்கிற தன் அக்கா சண்முகத்தாய்க்கும் உடம்பு சரியில்லை என்றும் அவர் சொன்னபோது, நான் தூங்குவது போல் கண்ணை மூடிக்கொண்டேன். அந்த அக்கா புருஷனை இழந்து வந்தவர். முத்துலட்சுமியை இடுப்பிலேயே வைத்து வளர்த்தவர்.

மூன்று நாள் சொல்லாமல் தாக்குப்பிடித்தேன். நான்காம் நாள் மத்தியானம் அவர் எனக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக வைத்தார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"மாடசாமி, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் அடிச்சுது."

அவர் நிமிர்ந்தார்.

"நீரு சேல எடுக்க வந்த அன்னைக்கு. காலையிலயே. தெரிஞ்சுதான் உம்ம வரச் சொன்னேன். என்கிட்டருந்துதான் உமக்கு வந்திருக்கு."

சொல்லி முடித்ததும் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் என் முதுகைத் தடவினார். இருமல் நிற்கும்வரை காத்திருந்தார்.

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றார்.

"என்ன தெரியும்?"

"நீங்க சட்டையெல்லாம் நனைஞ்சு வேர்த்துக்கிட்டு இருந்திய. கண்ணு செவந்து கெடந்துது. கோமதி காலச் சுரண்டுனா, போயிருவோம்னு." கையில் இருந்த சுளையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒங்கள்ட்ட கேட்டா நீங்க வெக்கப்பட்டுக் கதவச் சாத்திருவிய. எனக்குச் சேல கெடைக்காது. அதான் கேக்கல. எனக்குத் தெரிஞ்சுதான் உக்காந்திருந்தேன்."

அவர் சுளையை என் வாயில் வைத்தார். புளிப்பா இனிப்பா என்று நாக்குக்குத் தெரியவில்லை. பியூலா சொன்ன பக்கத்து வீட்டுக்காரன் நினைவு வந்தது. சங்கரன்கோவிலில் எனக்கு அது யாரென்று இத்தனை நாள் தெரிந்திருந்தது. இப்போது தெரியவில்லை.

கல்யாணத்தன்று காலை இருபது பேருக்குள் வீட்டிலேயே முகூர்த்தம். மாடசாமியிடம் இருந்தது பொத்தான் போன். முத்துலட்சுமியின் நம்பர் என் போனில்தான் இருந்தது. வீடியோ போட்டார்கள். வசந்தி சிஸ்டர் தலையணையை நிமிர்த்தி அதன்மேல் போனைச் சாத்தி வைத்தார். மாடசாமிக்கு அதற்குள் எண் இறங்கத் தொடங்கியிருந்தது. குப்புறக் கிடந்தபடியே, கன்னம் மெத்தையில் அழுந்த, ஒரு கண்ணால் பார்த்தார். கோமதியும் வீட்டுக்குள் தனியறையில் இருந்ததால், தாய்தகப்பன் இடத்தில் சித்தப்பாவும் சித்தியும் நின்றார்கள். தாலி கட்டும்போது படம் உறைந்துவிட்டது. "ஐயோ" என்றார் மாடசாமி. மறுபடி வந்தபோது கட்டி முடிந்திருந்தது. முத்துலட்சுமி போனுக்கு நேரே வந்து இரண்டு கையையும் கூப்பி, "யப்பா" என்றாள். மேலே ஒன்றும் சொல்ல வரவில்லை அவளுக்கு. வார்டில் மாஸ்க் போட்டுக் கிடந்தவர்களில் கை தூக்க முடிந்தவர்களெல்லாம் கை தூக்கி ஆசீர்வதித்தார்கள். எதிர்ப் படுக்கையில் ராயகிரிக்காரர் ஒருவர், யாரோ எவரோ, விம்மி விம்மி அழுதார்.

"அக்காவக் காணலியே" என்றார் மாடசாமி.

படுத்திருக்கிறார், காய்ச்சல், என்றாள் முத்துலட்சுமி. உண்மையில் அந்த அம்மாவைச் சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள்.

மறுநாள் மாடசாமியைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். தள்ளுவண்டியில் ஏற்றும்போது என் பக்கம் கையை நீட்டினார். எட்டவில்லை. இரண்டு கைக்கும் நடுவில் ஒரு முழ இடைவெளி இருந்தது. பிறகு அந்தப் படுக்கைக்கு வேறு விரிப்பு போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து முத்துலட்சுமி நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது கோமதி.

"அண்ணாச்சி, மயினி போயிட்டாவ."

சண்முகத்தாய் இறந்துவிட்டார். கோமதியின் அழுகை அடங்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "அவுக அங்கன கெடக்கும்போது சொல்லிராதிய அண்ணாச்சி. தாங்க மாட்டாவ" என்றார். சரி என்றேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் இருக்கும்வரை எப்படியும் நான் அவரைப் பார்க்கவே முடியாது. ஆனாலும் அவர் உயிரோடு திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்போதெல்லாம், வந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்குமே என்ற பயமும் கூடவே வந்தது. இதை மறைப்பதில் பயனில்லை. ஒரே ஜெபத்தில் இரண்டும் இருந்தன.

எனக்கு எண் ஏறத் தொடங்கியது. தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. இரவுகளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. எல்லா ஆஸ்பத்திரியிலும் அவை ஒன்றுதான். பகலில் என் தம்பி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு சங்கரன்கோவிலிலிருந்து பைக்கில் வந்து கேட்டில் பை கொடுத்துவிட்டுப் போவான். செல்வராணி அதில் சுக்குக் காபி பிளாஸ்கும், ஒவ்வொரு நாளும் ஒரு துவைத்த கைக்குட்டையும் வைத்திருப்பாள். அந்தக் கைக்குட்டையை மூக்கில் வைத்து வைத்துப் பார்ப்பேன். ஒரு நாள் காலை, மிக லேசாக, சோப்பு வாசனை வந்தது. செல்வராணியிடம் போனில் சொன்னேன். அன்றுதான் அவள் அழுதாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள் இருந்துவிட்டு மாடசாமி திரும்பி வந்தார். தாடி நரைத்து, தோள் எலும்பு துருத்தி, பாதியாக வந்தார். ஆனால் வந்தார். வசந்தி சிஸ்டர் அவரை மறுபடி என் பக்கத்துப் படுக்கையிலேயே விடச் சொல்லியிருக்கிறார். நான் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்து கோமதியிடம் பேசினேன்.

"டாக்டர்ட்ட கேட்டேன். இனிச் சொல்லலாம்னாவ. நீங்க பேசுதியளா?"

"நீங்களே சொல்லிருங்க அண்ணாச்சி. எனக்கு வாய் வராது."

அவர் படுக்கையின் விளிம்பில் போய் உட்கார்ந்தேன். என்ன சொல்வது என்று மனதுக்குள் கோர்த்து வைத்திருந்ததெல்லாம் கலைந்துபோனது. என் முகத்தைப் பார்த்தே அவர் கேட்டுவிட்டார்.

"அக்காவா?"

தலையை ஆட்டினேன்.

"எப்போ?"

"நீரு அங்கன போன மூணாம் நாளு."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுகிற அளவுக்கு மூச்சு இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது, போகவில்லை. என் கையை அவர் முதுகில் வைக்கவும் துணிவில்லை. மத்தியானச் சாப்பாடு வந்தது, ஆறியது, எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகுதான் அவர் பேசினார், சுவரைப் பார்த்தபடியே.

"அண்ணாச்சி, ஒங்கள்ட்டருந்து எனக்கு, என்கிட்டருந்து அக்காவுக்கு. அப்படித்தான நெனைக்கிய?"

"வேற எப்படி நெனைக்க?"

"நானும் உள்ள கெடக்கும்போது அதான் நெனச்சேன். பொறவு விட்டுட்டேன். யாரு குடுத்தா, யாரு வாங்குனான்னு எண்ண ஆரம்பிச்சா, அக்காவ நெனைக்க முடியல அண்ணாச்சி. அவ மொகமே வரமாட்டேங்கு. ஒங்க மொகந்தான் வருது, என் மொகந்தான் வருது." மூச்சு வாங்கினார். "நான் எண்ண மாட்டேன். எனக்கு அக்காவ நெனைக்கணும்."

பிறகு கையைப் பின்னால் நீட்டித் துழாவினார். பிடித்துக்கொண்டேன்.

பதினெட்டாம் நாள் என்னை அனுப்பினார்கள். மாடசாமி மேலும் ஒன்பது நாள் இருந்து வீட்டுக்குப் போனார். இப்போது அவரால் வரப்பில் வேகமாக நடக்க முடியாது. வயலை மருமகன் பார்க்கிறான். மாதம் ஒரு தடவை நான் கரிவலத்துக்குப் போவேன், இல்லையென்றால் அவர் பஸ்ஸில் வருவார். முதல் தடவை போனபோது கோமதி என்னை உள்ளே கூப்பிட்டு, சண்முகத்தாயின் படத்துக்கு முன்னால் பாய் விரித்துச் சோறு போட்டார். ஒரு சொல் குறை சொல்லவில்லை. ரசத்தை இரண்டு தரம் ஊற்றினார். செல்வராணியும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. போதகரிடம் சொன்னேன், ஆண்டவர் மன்னிப்பார் என்றார். எல்லோரும் என்னிடம் அவ்வளவு அன்பாக இருந்தார்கள். அந்த அன்பு எனக்குள் இறங்காமல் தொண்டையிலேயே நின்றது. காரணம் தெரியாமல் எடை குறைந்துகொண்டே வந்தது.

பியூலாவிடம் மட்டும் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை. எங்கிருந்தோ தொற்றிவிட்டது என்றே அவள் நினைத்திருந்தாள். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, ஐந்து மணி போனில் சொன்னேன். பக்கவாட்டுக் கதவு, மாத்திரை, இறக்கிவிட்ட முகக்கவசம், சண்முகத்தாய், எல்லாவற்றையும்.

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"நான் இங்கன இருந்து ஒவ்வொரு நாளும் படிச்சுப் படிச்சுச் சொன்னேனாப்பா, இல்லியா?" என்று ஆரம்பித்தாள். "அந்த ஒரு நாளு கதைய ஒங்கள்ட்ட எத்தன தரம் சொன்னேன்? நீங்க அவங்களத் திட்டுனீங்களே, படிச்ச சனமான்னு கேட்டீங்களே, நீங்க என்ன படிச்சீங்க? காய்ச்சல்னு தெரிஞ்சே ஒரு குடும்பத்தக் கூப்பிட்டு எதிர்ல உக்கார வச்சீங்களே, ஒங்களுக்கு என்ன மனசுப்பா? அம்மாவுக்கு வந்திருந்தா? நான் வந்துகூடப் பாத்திருக்க முடியாதே. அந்தம்மா செத்துப் போயிட்டாங்களே அப்பா!" அவள் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை. ஒரு வருஷமாக அவள் வார்டில் மூடிய கண்களுக்கெல்லாம் சேர்த்து என்னைத் திட்டினாள். அவளுடைய சாப்பாட்டு நேரம் முடிந்தது. யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. வருகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மறுபடி திட்டினாள்.

செல்வராணி அடுக்களையிலிருந்து வந்து போனை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காதோடு போனை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து நீர் தானாக இறங்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு மூச்சு அடிவயிறுவரை போய் வந்தது.

கடைசியில் அவள் ஓய்ந்தாள்.

"எனக்கு இன்னும் கோவம் தீரலப்பா" என்றாள்.

"தெரியும் மக்கா."

"நாளைக்கும் திட்டுவேன்."

"திட்டு மக்கா" என்றேன். "அஞ்சு மணிக்கு உக்காந்திருப்பேன்."